இரண்டு முறை வகுபட்ட கேலக்ஸிகள்

என் அக்காவுக்கு கேலக்ஸி செய்வதுதான் வேலை. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. வாயு இவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இவ்வளவு என்று கணினிக்குள் போட்டு, ஈர்ப்புவிசையை அவிழ்த்துவிட வேண்டும். பிரபஞ்சத்தின் வயது முழுக்க உள்ளேயே ஓடி, நட்சத்திரங்கள் பிறந்து, சுழலும் தட்டுகளாகக் கேலக்ஸிகள் திரள வேண்டும். அக்காவுக்கும் திரண்டன. ஆனால் வானத்தில் இருப்பவற்றைவிடச் சின்னதாக, நடுவில் கட்டி தட்டிப்போய். இந்தத் தொல்லை பலருக்கும் இருக்கிறது என்பாள். அதைக் கேட்டு நாங்கள் என்ன செய்வது?

ஆராய்ச்சி நிலையத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை அவளுக்கு. இரண்டு திரைகள், ஆறிப்போன டீ, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் அக்கா. கேலக்ஸி திரளும் இந்தச் சிமுலேஷன் ஓடும் பெரிய கணினி வேறெங்கோ இருந்தது. அதில் இடம் கிடைக்கக் காத்துக் கிடக்க வேண்டும். தவம் கிடந்து தொடங்கிய ஓட்டம் பாதியில் நின்றுபோனால் மறுபடி வரிசையின் வால். அன்றைக்கு வீட்டில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டோம், அம்மாவைத் தவிர.

"இன்னும் வேகலையாடி உன் கேலக்ஸி?"

"அம்மா, சும்மா இரு."

"நான் அடுப்புல வச்சது எப்பவோ வெந்துடுச்சு. அதான் கேட்டேன்."

இத்தனை பாடுபட்டும் வேலை நிரந்தரமில்லை. ஒப்பந்தத்தை நீட்டி நீட்டியே இழுத்தடித்தார்கள். ஒருவழியாக இந்த ஆண்டு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அதே நேரத்தில் அக்காவின் கேலக்ஸிகளும் பெரிதாகிவிட்டன, அச்சு அசலாக வானத்து அளவுக்கு! வெடிக்கும் நட்சத்திரங்கள் வாயுவை வெளியே தள்ளும் விதத்தை அவள் மாற்றி எழுதியிருந்தாள். அதுதான் பலித்தது என்று எல்லோரும் நம்பினார்கள். அவள் கேலக்ஸிகளின் அளவையும் வானத்து அளவையும் ஒப்பிடும் வரைபடத்தைத் துறைத்தலைவர் போகிற இடமெல்லாம் காட்டினார். "இன்டர்வியூ சும்மா பேருக்குத்தாம்மா, இடம் உனக்குத்தான்" என்றார். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் 'சின்ன எச்' பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில் இவர்களுக்குள் நெடுநாள் இழுபறி. அதனால் கோப்பில் தூரங்களை எழுதும்போது அந்த எண்ணைச் சேர்க்காமல் 'எச்' என்று ஓர் எழுத்தாக விட்டுவிடுவார்களாம். நிஜ அளவு வேண்டும்போது அந்த எச்சால், அதாவது ஏறக்குறைய 0.7ஆல், வகுத்துக்கொள்ள வேண்டும். வகுத்தால் அளவு பெரிதாகும். வகுக்க மறந்து தொலைப்பது அங்கே சகஜம்.

அக்கா மறக்கவில்லை. வினையே அதுதான். கோப்பை வாசிக்கும் புரோகிராமைப் புதுப்பித்த சக ஊழியர், அது தானாகவே வகுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்கா வழக்கம்போல் தானும் வகுத்தாள். நான் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். துவைத்தால் சுருங்கும் என்று நான் ஒரு விரல் கூட்டி வெட்டுவேன். அது தெரியாமல் தைக்கிறவளும் ஒரு விரல் கூட்டினால் சட்டை தொளதொளவென்று நிற்கும். அவ்வளவுதான் நடந்தது.

திங்கட்கிழமை அவள் கண்ணில் அது பட்டது. சிமுலேஷன் மொத்தமும் ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. அந்தப் பெட்டிதான் அதற்குப் பிரபஞ்சம். ஒரு கேலக்ஸி பெட்டியின் சுவரைத் தாண்டி வெளியே நின்றது. தூரத்தை இரண்டு முறை வகுத்திருந்தால்தான் அப்படி நிற்க முடியும். ஒருமுறை மட்டும் வகுத்துப் பார்த்தாள். எல்லாம் பழையபடி சின்னதாகிவிட்டன.

இன்டர்வியூ அந்த வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "வெள்ளிக்கிழமை முடியட்டும்மா. அப்புறம் நிதானமா திருத்திக்கலாம்" என்றாராம். இவள் கேட்டால்தானே? இன்டர்வியூவில் திருத்திய வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். "அப்போ இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "புரோகிராமை மாத்தினவன் ஜாலியா இருக்கான், நீ நடுத்தெருவுல நிக்கிற. நாலு நாள் வாயை மூடிட்டு இருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று கத்தினேன்.

"விடுடி அவளை" என்றாள் அம்மா. "என் பொண்ணு நேர்மையானவ. எனக்குப் பெருமையாத்தான் இருக்கு."

அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அப்படிச் சொல்லாதேம்மா. தயவுசெஞ்சு சொல்லாதே. வாயை மூடிட்டு இருக்கணும்னுதான் நானும் நினைச்சேன். திங்கட்கிழமை ராத்திரி பூரா அந்தத் தப்பான படத்தையே காட்டிப் பேசிப் பேசிப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் சுவரைத் தாண்டி நின்ன அந்தக் கேலக்ஸி வர்ற இடத்துல நாக்கு ஒட்டிக்குச்சு. பேச வரல, அதனாலதான் சொன்னேன். வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன குறைஞ்சு போயிருக்கும்னு நீ கேட்டியே, அதைத்தான் நானும் தினமும் என்னையே கேட்டுக்கறேன்" என்றாள்.