பின்பக்கம் மட்டும் படித்தவர்

ஓயாமல் பேசும் எங்கள் சுற்றுலா அலுவலகத்து வழிகாட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். பதினொரு வருடமாக ஒரே கோட்டை, ஒரே அருவி. எந்தப் படியில் பயணிகளுக்கு மூச்சு வாங்கும், எந்த வளைவில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பேருந்து ஓட்டுபவர் மைக்குடைய மனைவியின் அண்ணன். வாயே திறக்காத மனிதர். குழந்தை அழுதால் வண்டியை ஓரங்கட்டுவார், வயதானவர்களின் பையை இறக்கி வைப்பார், அவ்வளவுதான். ஆனால் திரும்பும் வழியில் பயணிகள் நிரப்பித் தரும் கருத்துத் தாளின் பின்பக்கத்தில், 'உங்களை மிகவும் கவர்ந்தவர் யார்?' என்பதற்குப் பலரும் 'ஓட்டுநர்' என்றே எழுதினார்கள். தொண்டை வறளக் கத்துவது ஒருவன், பேர் வாங்குவது இன்னொருவனா? மைக்குக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் பத்து நாள் கடலோரப் பயணம் அறிவிக்கப்பட்டது. மூன்று மாதத் தாள்களை வைத்து ஒரு வழிகாட்டியையும் ஒரு ஓட்டுநரையும் தேர்ந்தெடுப்பார்கள். மைக் கடலையே பார்த்ததில்லை. தான் போகவேண்டும், மச்சான் போகக்கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

பயணிகளிடம் தாள்களை வாங்கி அலுவலகத்தில் கொடுப்பது அவர் வேலை. 'ஓட்டுநர்' என்று எழுதியதையெல்லாம் உருவி வீட்டு அலமாரியில் போட்டார். பாதித் தாள் வந்தாலே அதிசயம் என்பதால் அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மேலாளர் அவரைக் கூப்பிட்டார். "என்ன சார், வழிகாட்டிக்குப் பத்துக்கு ரெண்டு, மூணுன்னே போட்டிருக்காங்க? ஓட்டுநரப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. உங்க வண்டியிலேருந்து யாரையும் கடலோரத்துக்கு அனுப்ப முடியாது."

மைக் வீட்டுக்கு ஓடி அலமாரித் தாள்களை முதல் தடவையாக முன்பக்கம் திருப்பினார். வழிகாட்டிக்குப் பத்துக்குப் பத்து. அடுத்ததும் பத்து. மனம் குளிர்ந்தவர்கள் எல்லோரையுமே பாராட்டியிருந்தார்கள். அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்களின் தாள்கள்தான். இனி இவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தன என்று கேட்பார்கள்.

மனைவி உள்ளே வந்தாள். "அண்ணன் மேலாளர்கிட்டப் போய்க் கெஞ்சிச்சாம். 'என்னைய விடுங்க, எங்க மாப்பிள்ளைய மட்டுமாவது அனுப்புங்க. அவர் பேசுறதக் கேட்டுக்கிட்டேதான் நான் வண்டியே ஓட்டுறேன்'னு சொல்லிச்சாம்."

மைக் தாள்களை மறுபடியும் பின்பக்கம் திருப்பினார்.

"இதுலயும் நல்ல பேரு அவருக்குத்தானா?" என்றார்.