பதினைந்து அடிக் காசோலை

வளரும் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. எனக்குக் கிடைக்கவில்லையே என்கிற கோபம் அல்ல அது. எனக்குக் கொடுத்திருந்தால் கொடுத்தவர்கள் மேல் ஊரே கோபப்பட்டிருக்கும். நான் கடலூரில் ஓவிய ஆசிரியர். ஒருமுறை பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி, கரும்பலகையில் நான் வரைந்திருந்த குதிரையை நின்று பார்த்துவிட்டு, "கழுதை தத்ரூபமா இருக்கு சார்" என்று கைகொடுத்தார். நானும் நன்றி சொன்னேன்.

இப்படிப்பட்டவனை நடுவராகக் கூப்பிட்டது சிதம்பரத்தில் உள்ள ஓர் அறக்கட்டளை. அதன் செயலாளர் என் மனைவியின் தம்பி என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. நகைக்கடை, கல்யாண மண்டபம், அரிசி ஆலை, லாரி செட், மருத்துவமனை என்று ஐந்து தொழில்களைச் சேர்ந்த ஐந்து புரவலர்கள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு பங்கு போடுவார்கள். அதைத் திரட்டி, அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து விண்ணப்பிக்கும் இளம் கலைஞர்களில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொன்னாடை உண்டு என்றதும் இன்னும் நன்றாக இருந்தது.

நடுவர்கள் மூன்று பேர். எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் ஒருவர் விஷயத்தில் மட்டும் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போனோம். தேவனாம்பட்டினத்துப் பெண், வயது இருபத்து நாலு, பகலில் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால்தான் ஊருக்குத் தெரியவரும். விசேஷம் முடிந்து கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ்களை அள்ளிக்கொண்டு போய், அதன் வெற்றுப் பின்பக்கத்தில் படகுக்கு அடிக்கும் பெயிண்டால் படம் வரைவார். முன்பக்கம் தலைவர் கைகூப்பிச் சிரிப்பார். பின்பக்கம் மீன் ஏலக்கூடையைச் சுற்றி நாலு பெண்கள் விலைக்குச் சண்டை போடுவார்கள். அந்தப் பெண்களின் சத்தம் காதில் விழும்படி வரைந்திருந்தார். என் கழுதையை நினைத்துக்கொண்டேன்.

அவருக்குச் சென்னையில் ஓர் அச்சு ஓவியப் பட்டறையில் ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சேரும்போதே முழுக் கட்டணத்தையும் கட்டியாக வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பணம் தனி. எங்கள் உதவித்தொகை இரண்டுக்கும் சரியாகப் போதும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மச்சான் போன் செய்தார்.

"மாமா, ஒரு சின்ன சேஞ்சு. ஒருத்தருக்குக் குடுக்கிறத அஞ்சாப் பிரிச்சி அஞ்சு பேருக்குக் குடுக்கலாம்னு இருக்காங்க."

"எதுக்கு மச்சான்?"

"புரவலருங்க அஞ்சு பேரு இல்ல மாமா? ஆளுக்கொருத்தருக்குத் தன் கையால குடுக்கணும்ல. போன வருஷம் நகைக்கடைக்காரரு குடுத்தாரு, மத்த நாலு பேரு கைதட்டிகிட்டு நின்னாங்க. அதுல ரைஸ்மில்காரருக்கு மனசு ஒடிஞ்சி போச்சி."

மனசு ஒடிந்தது ரைஸ்மில்காரருக்கு. அதற்குக் கட்டுப்போட, கடலூரில் ஒரு பெண்ணின் ஆறு மாதத்தை ஐந்து துண்டாக வெட்ட வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கே போய்விட்டேன். வழியில் சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் பொத்தாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

கீழவீதிப் பக்கம் கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் ஐந்து பேரும் உட்கார்ந்து விழாச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இனிப்பு ஒன்றா இரண்டா என்பதில் கருத்து வேறுபாடு. பந்தி, பொன்னாடை, கேடயம், வாசலில் நாதஸ்வரம், ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் எல்லாமே அந்த ஐந்து பங்கிலிருந்துதான் போகின்றன, மிச்சம்தான் கலைக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பந்திச் செலவில் இன்னொரு கலைஞரை முழுசாகப் படிக்க வைத்திருக்கலாம்.

"அய்யா, அஞ்சுல ஒரு பங்க வெச்சிகிட்டு அந்தப் பொண்ணு சென்னைக்குப் போவ முடியாது. கூடுவாஞ்சேரியிலயே எறங்கிடணும்" என்றேன்.

நகைக்கடைக்காரர் சிரித்தார். "வாத்தியாரே, கலைன்னா கஷ்டத்துலதான் வரும். சொளையா குடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க."

"அப்ப சாப்பாட்டையும் அஞ்சாப் பிரிச்சிடலாமே. ஒரு ஜாங்கிரிய அஞ்சு எலைக்கு?"

மச்சான் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதித்தது வலது கால். இடது கால் பக்கத்திலிருந்த டாக்டர் மட்டும், "அவரு சொல்றதுலயும் பாயிண்டு இருக்கு" என்றார்.

"பாயிண்டு இருக்கட்டும். போட்டோ எப்படி எடுக்கிறது?" என்றார் ரைஸ்மில்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையில் மனதில் இருந்ததை அப்படியே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மேடையில் பெரிதாகக் காட்டுவதற்கென்று ஒரு செக் செய்வார்களே, அது என் நினைவுக்கு வந்தது. "செக்க நீட்டமா அடிச்சிட்டா? அஞ்சு பேரும் சேந்து பிடிக்கலாம். பத்துக் கையும் போட்டோவுல விழும்."

ஐந்து தலைகளும் ஒன்றாக ஆடின. நான் வாழ்நாளில் சொன்ன கலை சம்பந்தமான யோசனைகளில் நிறைவேறியது இது ஒன்றுதான். யார் நடுவில் நிற்பது என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ரைஸ்மில்காரர் நடுவில் வந்தார். மனசு ஒட்டிக்கொண்டது. உதவித்தொகையும்தான்.

திரும்பியதும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். விழாவின் அத்தனை ஃப்ளெக்ஸ் வேலையும் அந்தக் கடைக்குத்தான் வந்திருந்தது. ஐந்து புரவலர்களின் முகங்களையும் அந்தப் பெண்தான் திரையில் வெள்ளையாக்கிக்கொண்டிருந்தார். கீழே ஒரு மூலையில், தபால்தலை அளவில் அவரே இருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மௌஸை விட்டுக் கையை எடுத்தார்.

"நான் நல்லா வரைஞ்சனா இல்லியான்னு அங்க யாரும் பேசலியா சார்?"

"நாங்க மூணு பேரும் பேசினோமே."

"பணம் போடுறவங்க?"

அவர்களில் ஒருவர்கூட அவருடைய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கவில்லை. கோபம் மறுபடியும் ஏறியது. இந்த முறை ஏறிப்போய்ச் சண்டை போட ஆளில்லை. அறக்கட்டளையில் இருப்பவர்கள் திருடர்கள் அல்ல, கெட்டவர்கள்கூட அல்ல. கொடுக்கத்தான் செய்கிறார்கள். யாருக்கு என்பதைத்தான் பார்ப்பதில்லை. தங்கத்தை வாங்கும்போது உரசிப் பார்க்கிற மனிதர், பணத்தைக் கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கிறார்.

அவர் மறுபடி மௌஸைப் பிடித்து, "செக்கு எத்தினி அடி சார்?" என்றார்.

"பத்து அடின்னு பேசினோம்."

"பதினஞ்சா வுட்டுடறேன். நெருக்கமா நின்னா சட்டை கசங்கும்னு சொல்லிடுங்க."

விழா நாளில் ஐவரும் வரிசையாக நின்று அந்தப் பதினைந்து அடியைத் தூக்கிப் பிடித்தார்கள். மூங்கில் கழி கோத்த ஒரு ஓரத்தைப் பிடிக்க ஆள் போதாமல் என்னையும் நிறுத்தினார்கள். "கொஞ்சம் மேல... இன்னும் மேல" என்றார் போட்டோக்காரர். மேலே தூக்கத் தூக்க, பின்னால் நின்றிருந்த அந்தப் பெண் மறைந்துகொண்டே போனார். அவர் எங்கே நிற்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசியிருக்கவில்லை. மறுநாள் வந்த படத்தில் பத்துக் கைகளும் இருக்கின்றன. பொன்னாடையோடு நானும், இருமல் வந்தவன் போல. அவருடைய நெற்றியும் கொஞ்சம் கனகாம்பரமும் மட்டும் இருக்கின்றன.

நிஜக் காசோலையை நான் கெஞ்சிக் கேட்டிருந்தபடி பந்திக்கு முன்பே மச்சான் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். முழுத்தொகை. அவர் இரண்டு முறை பார்த்து, மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தார். பிறகு மேடைக்கு ஏறி, கேட்பாரற்றுக் கிடந்த பதினைந்து அடியைக் கழியோடு சுருட்ட ஆரம்பித்தார்.

"அது எதுக்கும்மா?" என்றார் நகைக்கடைக்காரர்.

"ஞாபகார்த்தமா வெச்சிக்கிறேங்க."

அவர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். கீழே இறங்கும்போது அந்தப் பெண் என் காதருகில் சொன்னார்: "ஒரு மடிப்புகூட இல்ல சார். பின்பக்கம் அப்பிடியே வெள்ளையா இருக்கு. பதினஞ்சு அடி எனக்கு எவன் சும்மா குடுப்பான்?"

கடலூர் பஸ்ஸில் அந்தச் சுருள் படியை அடைத்துக்கொண்டு நின்றது. நடத்துனர் வந்து தட்டிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"செக்குண்ணே."

"செக்கா இருந்தாலும் லக்கேஜிதான். டிக்கெட் எடு."

அந்தப் பெண் கைப்பையைத் திறக்குமுன் நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் ஒரு கலைஞருக்காக, யாரும் போட்டோ எடுக்காமல் செலவான பணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதையும் இப்போது எழுதிக் காட்டிவிட்டேன்.