வாளி கவிழ்த்த நாலு பேர்

போன வாரம் என் பெரிய மகள் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பனியனை இழுத்தெடுத்தாள். தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் நாலு வெள்ளைக்காரர்களின் படம் போட்டது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தேடி, அந்த இசைக்குழுவையும் அவர்களுடைய ஆல்பத்தையும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். பாட்டு ஓட ஓடத் திரையில் வரிகளும் ஓடின. வாசித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

மாமா வேலை பார்த்த நல்லூர் பனியன் கம்பெனிக்கு அந்தப் படத்தை அடிக்கிற ஆர்டர் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பிரிண்டிங்கில் சூப்பர்வைசர். கேசட் அட்டையில் இருக்கிற அதே நிறம் பனியனிலும் வர வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேசட்டையே அனுப்பியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை திருப்பி வைத்துவிட வேண்டும்.

அக்கா இங்கிலீஷ் மீடியம். நான் அதே பள்ளியின் நுழைவுத் தேர்வில் அழுது, வாந்தியெடுத்து, தமிழ் மீடியத்துக்குப் போனவள்.

"என்ன கண்ணு சொல்றான்?" என்று பாட்டு ஓடும்போதே மாமா அக்காவைக் கேட்பார். அக்கா டேப்பை நிறுத்திவிட்டு, பெரிய மனுஷி போலத் தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

"இவன் ஃபிரிட்ஜுக்குள்ள ஒருத்தன் குடியிருக்கானாமுங்க மாமா. வெளிய வாடான்னா, குளுருது, கதவச் சாத்துங்கறானாம்."

அடுத்த பாட்டில் ஒரு ஒற்றைச் செருப்பு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஜோடியைக் காணோம் என்று புகார் கொடுத்தது. மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் சிரித்தாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அக்கா திரும்பி என்னைப் பார்ப்பாள்.

"புரிஞ்சுதா புள்ள?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். ஆனால் அந்த மெட்டு சனியன் மாதிரி ஒட்டிக்கொண்டது. குளிக்கும்போது என் வாயே அதை முணுமுணுத்தது. அதற்காகவும் அக்காவின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

பக்கத்தில் ஒரு தையல் யூனிட். ஞாயிறு காலையில் பனியன் வேஸ்ட் எடுக்கிறவர் டெம்போவோடு வருவார். அவர் மூட்டையின் வாயைக் கட்டுவதற்கு முன், கேசட்டை அட்டையோடு துணித்துண்டுகளுக்குள் செருகிவிட்டேன். டெம்போ முனை திரும்பும் வரை நின்று பார்த்தேன்.

கேசட்டைக் கடைசியாக எடுத்து வைத்தவள் அக்கா என்பதால் அடி அவளுக்கு. அட்டை இல்லாமல் மாமா நினைவிலிருந்து நிறம் கலந்தார். சிவப்பு வாளிகள் ஆரஞ்சாக வந்தன. சரக்கு மொத்தத்தையும் தேறாது என்று கழித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் வேலை போய், மாமா மறுபடி மேஜையருகே நின்று பிரிண்ட் அடிக்கிற வேலைக்குப் போனார். கழித்த சரக்கில் ஒன்றுதான் என் பீரோவில் இருந்தது.

வீட்டில் இனிச் சிரிப்பு இருக்காது என்று நினைத்தேன். ஒரு வாரம் இல்லைதான். பிறகு ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்: "மாமா, அதுல இன்னொரு பாட்டு ஞாபகம் வந்துருச்சுங்க." மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கேசட்டில் பத்துப் பாட்டு. அக்காவுக்குப் பதினேழு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றையும் எண்ணிப் பொறாமைப்பட்ட எனக்கு, கணக்கு உதைக்கிறதே என்று கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் திரையில் ஓடிய வரிகளில் ஃபிரிட்ஜ் இல்லை. செருப்பும் இல்லை. அவர்களுடைய குறும்பு வேறு; ஒரு பாட்டு முழுக்க யாரோ பல் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். மங்கலத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அவனுக இங்கிலீசு எனக்கு எங்க புரிஞ்சுது? நாலு வார்த்த புடிபட்டாப் பெருசு. மிச்சமெல்லாம் நானாக் கட்டுனதுதான்," என்று சிரித்தாள். பிறகு, "மாமா மொதப் பாட்டுக்கே சிரிச்சுட்டாரு. நீதான் புள்ள, பதினேழு பாட்டுக்கும் சிரிக்கவே இல்ல" என்றாள்.

வேஸ்ட் மூட்டையைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை. கூடத்தில் பெரியவள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். சின்னவள் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும்.

பாட்டு முடிந்ததும் அக்கா ஏன் ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்? பீற்றிக்கொள்கிறாள் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.