மறியலில் நான் சொன்ன பதில்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பதினொரு நாள் மறியலில், பொலிஸ் கம்பிக்குள் இருந்தவன் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். உள்ளே போனதில் எனக்கு வெட்கமில்லை. வெளியே வந்த விதத்தை நினைத்தால்தான் இன்றும் உடம்பு எரிகிறது. அதை நானே எழுதிவிடுகிறேன்.

கடலுக்குப் போகும்போது அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நம் உடப்பு ஊர் ஆட்களின் பழக்கம். உப்புத் தண்ணீர் பட்டால் எழுத்து அழிந்துவிடும். அன்று கரையேறியதும் வீட்டுக்கு வராமல் மீன் லொறியிலேயே சிலாபத்துக்குப் போனேன். யுத்த காலம். தமிழன், கையில் அட்டை இல்லை. சோதனைச் சாவடியில் பொலிஸார் இறக்கிக் கொண்டுபோய் அடைத்தார்கள். உங்கள் அம்மா அட்டையோடு ஓடி வந்தாள். விசாரணை முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

கால் நீட்ட இடமில்லாமல் முறை வைத்துப் படுத்தோம். குடிக்க ஒரு வாளி, மலசலத்துக்கு ஒரு வாளி. இரண்டும் ஒரே நிறம். என் பக்கத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் தில்லையடியில் இருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர்; நானா என்று கூப்பிடுவேன். உப்பளத்தில் வேலை செய்தவர். பாதத்தில் வெட்டுக்காயம் புரையோடி, சுற்றியிருந்த துணியையும் மீறி நாறியது. அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

ஒரு காலையில் தரையைக் கழுவிப் புதுப் பாய்கள் விரித்தார்கள். அவற்றில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

"என்ன தம்பி, கலியாண வீடா? மாப்பிள்ளை ஆரு?" என்றார் நானா.

சார்ஜன்ட் என்னைக் கம்பியருகே கூப்பிட்டார். மறியலைப் பார்வையிட மேலிடத்துப் பெரியவர் வருகிறாராம். "நீ நல்லாச் சிங்களம் கதைக்கிறாய்தானே. அவர் கேட்டா நீதான் சிங்களத்தில சொல்ல வேணும். ஒழுங்காச் சொன்னா பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்."

பெரியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியிலேயே நின்றார். உள்ளே இருப்பவர்களுக்குக் குறை இருக்கிறதா என்று என்னைக் கேட்கச் சொன்னார். நானா காலைத் தூக்கிக் காட்டினார்.

"எட்டு நாளா மருந்தில்ல ஐயா. காய்ச்சல் விடுதில்ல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்க."

சார்ஜன்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "குறை ஒன்றும் இல்லை. பழைய புண்ணாம். மருந்து கட்டுகிறார்களாம்."

"சொல்லிட்டியா தம்பி?"

"ஓம் நானா, சொல்லிட்டன்."

அந்தத் துணியை அவிழ்க்கச் சொல்ல அந்தப் பெரிய மனுசனுக்கு ஒரு நிமிசம் போதும். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தத் தெரிந்தவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தெரியவில்லை. புத்தகத்தில் 'குறை இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். இதற்குப் பெயர் மேற்பார்வையாம். அவர் வாகனம் வாசலைத் தாண்டியதும் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் என்னை விட்டார்கள். நானாவின் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தளம் சந்தையில் அவரைக் கண்டேன். அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கக்கத்தில் ஊன்றுகட்டை.

"நீ சொல்லித்தானே பாத்த தம்பி," என்றார். "அவனுகள்ட காதுல ஏறல்ல. என்ன செய்ய?" என் தோளைத் தட்டினார். மீன் மலிவா என்று கேட்டார். சார்ஜன்ட் மேல், பெரியவர் மேல், என் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மீன் விலையைச் சொன்னேன், உண்மையைச் சொல்லவில்லை.

அன்று ஊருக்கு வந்து, உங்கள் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு தனியே கரைக்குப் போனேன். கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மேல் தாளை வைத்து, நானா சொன்னதைச் சொன்னபடியே எனக்குத் தெரிந்த சிங்கள எழுத்தில் எழுதினேன். நான் சொன்ன பொய்யையும் எழுதினேன். கீழே என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டு, பெரியவருடைய கந்தோருக்கு விலாசம் எழுதித் தபால் பெட்டிக்குள் போட்டேன்.