தாழ்ப்பாள் போட்டதற்கு நிரூபணம்

இருட்டியபின் பின்பக்கப் படிக்கட்டில் ‘டொக்’கென்று ஏதோ விழுந்து உருண்டபோது, ‘நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் உண்டு’ என்பதைக் குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தைக்கும் தெரிந்த உண்மைகளை, ஒன்றுமே தெரியாத இயந்திரத்துக்குப் புரியும் குறிகளாக மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களே, என் வெட்கம் உங்களுக்குத்தான் புரியும்.

முழுதும் பகுதியும்

வேலையில் சேர்ந்த புதிதில், மூலக்குளத்தில் எங்களுக்குக் கீழ்வீட்டு அக்கா, “அப்பிடி என்னதான் தட்டிக்கினே இருக்க?” என்று கேட்டார். ‘பகுதியின் பகுதியும் முழுதின் பகுதியே’ என்று மூன்று நாளாக எழுதித் திருத்துவதைப் பெருமையாக விளக்கினேன். விரல் கையில், கை உடம்பில். ஆகவே விரலும் உடம்பில். கான்வென்டில் படித்த பெண் என்று தெருவெல்லாம் என்னைச் சொல்லிவைத்தவர் அவர். கீரை ஆய்வதைக்கூட நிறுத்தவில்லை.

“இத்த எழுதவா அத்தினி படிச்ச? என்னைக் கேட்டிருந்தா கீரை ஆய்ஞ்சிக்கினே சொல்லியிருப்பனே.”

எல்லாவற்றுக்கும் காரணம்

காரண விதியில் ‘ஒவ்வொரு’ என்ற குறி முதலில் வரவேண்டும், ‘ஒன்று உண்டு’ என்ற குறி பிறகு. முதல் தடவை நான் மாற்றிப் போட்டுவிட்டேன்: ‘ஒன்று உண்டு, அதுவே எல்லாவற்றுக்கும் காரணம்.’ கான்வென்டில் பன்னிரண்டு வருடம் காலை ஜெபத்தில் சொன்னது. கை தானாகப் போய்விட்டது. டயர் வெடித்ததற்கும் தலைவலிக்கும் ஒரே காரணம்தான் என்று இயந்திரம் சோதனையில் அடித்துச் சொன்னது.

கூட்டத்தில், “பாப்பா அழுதா சார், கவனம் சிதறிடுச்சு” என்றேன். அன்று பாப்பா நன்றாகத் தூங்கினாள். பேசத் தெரியாதவள் மேல் பழி போட்டது இன்னும் உறுத்துகிறது. சென்னையிலிருந்து பேசிய குழுத் தலைவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம்.

“பரவால்லம்மா. ஆனா நீங்க எழுதினது விதி இல்ல, ஜெபம்.”

நடுவில் ஒன்றும் இல்லை

இப்போது அந்தச் சத்தம். இந்த முறை குறிகள் சரியான வரிசையில்தான் இருந்தன. காரணம் உண்டு என்று அவை சொல்லும். திருடனா, பூனையா என்று சொல்லாது. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டாம் ஷிப்டில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன்.

“பின்கதவு தாப்பா போட்டியா?”

“போட்டிருப்பேன்.”

“போட்டியா, இல்லியா? நடுவுல ஒண்ணும் கெடையாதுன்னு நீதான எழுதுற?”

“போட்டுட்டேன்,” என்றேன். போய்ப் பார்க்கப் பயம். கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் டார்ச்சோடு பின்படியேறி, கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் வௌவால் கடித்துப் போட்ட வாதாங்கொட்டை.

“இந்தா, ஒன் காரணம். சாயங்காலம் நான் கொழம்பு குடுத்துட்டு சாத்திட்டுப் போன கதவு அப்பிடியேதான் கெடக்குது, கைப்புள்ளய வெச்சிக்கினு.”

அவர் இறங்கிப் போனதும், நாள் முழுக்க உண்மைகளையே எழுதிச் சம்பளம் வாங்கும் நான், கணவரிடம் சொன்ன ஒரே ஒரு பொய்யை உண்மையாக்குவதற்காக, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.