முட்டுக் கொடுக்கிற இருளப்பசாமி

இருளப்பசாமி சுவரில் காதை வைத்துக்கொண்டு கையை உயர்த்தினார். மிக்ஸி நின்றது. ரேடியோ நின்றது. அழகுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தித் தும்மலை அடக்கினாள். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த அவள் கணவன் சிவனாண்டி மட்டும், "செவுரு என்ன சொல்லுது அண்ணாச்சி?" என்றான்.

"நீரு பேசுறதுதான் கேக்கு. செத்த நேரம் சும்மா இரும்."

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டின் அஸ்திவாரம் இறங்கிவிட்டால் ஆள் போவது அவரிடம்தான். அடியில் மண்ணைத் தோண்டிப் புதுக் கல் வைத்துக் கட்டி முடிக்கும்வரை, மேலே இருக்கும் சுவரையும் கூரையையும் பனங்கட்டைகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். அவருடைய இரண்டு லாரி ஜாக்கிகளும் கோணிப்பைக்குள் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் வரும். அந்தக் கண்டக்டர் வீட்டுச் சமையலறை ஒரு மாதம் அவருடைய முட்டில் நின்றிருந்தது. அதனால் ஸ்டாப் இல்லாத தெருமுனையிலும் அவருக்காக பஸ் நிற்கும்.

குட்டையான மனிதர். வலது காது மடலில் எந்நேரமும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். இடது காது மந்தம். "நல்ல காத செவுருக்குக் குடுத்துட்டேன். மனுசருக்கு இது போதும்" என்பார். காபி கொடுத்தால் வாங்கி, தரையில் வைத்து, அது அலுங்காமல் இருக்கிறதா என்று செத்த நேரம் பார்த்த பிறகுதான் குடிப்பார். ஆறிப்போய்விடும். ஆறின காபியே பழகிவிட்டது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து மழையில் ஊறின கரிசல் மண், அடுத்த சித்திரை வெயிலில் வற்றிச் சுருங்கியபோது அழகுத்தாய் வீட்டு வடக்குச் சுவர் ஒரு விரற்கடை இறங்கியது. மேலிருந்து கீழாக வெடிப்பு. கூரையின் உத்தரம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்னறையில் பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டித்தான் அவள் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். இந்த வீடு போனால் தொழிலும் போய்விடும், ஒண்ட வேறு கூரையும் கிடையாது. "பாழாப்போற செவுரு" என்று அவள் திட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"திட்டாதீக தாயி. வெடிச்சுக் காட்டுச்சே, அதுக்குக் கும்பிடுங்க. ஒரு சொல் சொல்லாம படுத்துக்கிற செவுரு எம்புட்டுப் பாத்திருக்கேன் தெரியுமா?"

ஆனி மாதம் வேலை தொடங்கினார். முற்றத்தில் ஐந்து பனங்கட்டைகளைச் சாய்த்துச் சுவரில் முட்டவைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஆப்பு அடித்து இறுக்கினார். உள்ளே உத்தரத்துக்குக் கீழே இரண்டு ஜாக்கிகள். பழைய படச்சட்டத்துக் கண்ணாடியை விரல் நீளத்துக்கு வெட்டி, வெடிப்பின் குறுக்கே சிமெண்டால் ஒட்டினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி முறிந்துவிடும். அஸ்திவாரத்தை மூன்றடி தோண்டி, மூன்றடி விட்டு, மறுபடி மூன்றடி. "அம்புட்டையும் ஒரேயடியாத் தோண்டுனா என்ன?" என்று சிவனாண்டி அவசரப்பட்டான். "பந்தியில ஒரு வரிச எந்திரிச்ச பொறவுதான மாப்ள அடுத்த வரிசைக்கு எல போடணும்?"

பத்தாம் நாள் வெடிப்பின் மேல் கண்ணாடி முறிந்து கிடந்தது. கீழே குழி திறந்திருந்தது.

முற்றம் முழுக்க முட்டுகள் அடைத்துக்கொண்டதால் அழகுத்தாய்க்குக் கொடி கட்ட இடமில்லை. முந்தின நாள் மாலை சலவையிலிருந்து பேண்டேஜ் துணி ஈரமாகவே வந்து இறங்க, நடு முட்டுக்கும் முருங்கைமரத்துக்கும் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தாள். ஆனிக் காற்று முப்பது முழம் துணியைப் பாய்மரம்போல் உப்பி இழுக்க, முட்டு பக்கவாட்டில் அசைந்து ஆப்பு நழுவியிருந்தது.

இருளப்பசாமி எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினார். கயிற்றை அறுக்காமல் மெல்ல அவிழ்த்தார். வெளியே நின்றவர்களுக்குச் சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு அடி, இடைவெளி, இரண்டு அடி. அந்த இடைவெளிகளில் அவர் காது சுவரில் இருந்தது. ஒரு மணி நேரம் அப்படிப் போயிற்று.

"ஏட்டி, துணி காயப்போட ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? ஏ ஆத்தா!" என்று சிவனாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.  இருளப்பசாமி வெளியே வந்ததும் அழகுத்தாய், "நான்தான் அண்ணாச்சி கட்டுனேன்" என்றாள்.

"நீங்க கட்டுனது தப்பில்ல. கட்டாதீகன்னு சொல்லாமப் போனது யாரு? வீட்டுக்கு வீடு பேண்டேஜ் சுத்துற ஊரு. கம்பக் கண்டா துணி காயப்போடத்தான் செய்வாக." அவிழ்த்த கயிற்றை முருங்கையிலிருந்து வேலிக்கல்லுக்கு அவரே இழுத்துக் கட்டினார். பிறகு புதுக் கண்ணாடி வெட்ட உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடி ஆடி கடைசிவரை முறியவில்லை.

குழிகள் கல்லும் சிமெண்டுமாக நிறைந்து இறுகின பிறகு ஜாக்கிகளை இறக்கினார். நான்கு முட்டுகளை எடுத்தார். ஐந்தாவதின் ஆப்பை வீட்டு ஆளே தட்டி எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் வழக்கம். சம்மட்டியை அழகுத்தாயிடம் நீட்டினார்.

"நான் மாட்டேன் அண்ணாச்சி. என் கை பட்டு ஏற்கனவே போக இருந்துச்சு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், நீங்களே தட்டிருங்க."

"இனிமே இது ஒங்க செவுரு தாயி. நான் ஊருக்குப் போயிருவேன்."

அவள் கை நீட்டாததால் சம்மட்டியை அவள் காலடியில் வைத்தார். இருளப்பசாமி துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார். வடக்குச் சுவருக்கு அடியில், உத்தரத்துக்கு நேர் கீழே துண்டை விரித்துப் படுத்தார். "ம், தட்டுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அழகுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினாள். மூன்றாவது அடியில் ஆப்பு தெறித்தது. கட்டை சரிந்து முற்றத்து மண்ணில் விழுந்தது. சம்மட்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

உள்ளே இருளப்பசாமி ஒருக்களித்து, வலது காதைச் சுவரில் வைத்தபடி படுத்துக்கொண்டிருந்தார்.