பதுளையில் டார்கெட் கிடைத்த நாள்

யுத்த காலம். மலேரியாக் கிருமியை ஆராயும் குழுவொன்றில் நான் ஆராய்ச்சி உதவியாளன். கிருமியின் புரதங்களைக் கணினியில் மனிதப் புரதங்களோடு ஒப்பிடுவது என் வேலை. கிருமிக்கு இல்லாமல் முடியாத, மனிதனிடம் இல்லவே இல்லாத புரதம் அகப்பட்டால் அதுதான் ‘டார்கெட்’. அதைத் தாக்கும் மருந்தைத் தேடலாம்.

லீவில் எங்கள் ஊரான ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தபோது, பதுளை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் ஈமெயில் பார்த்தேன். கொழும்பில் ஓடவிட்டிருந்த புரோகிராம் முடிந்து ரிசல்ட் வந்திருந்தது. உடனே அங்கிருந்தே எங்கள் பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். லைன் ஒரே இரைச்சல்.

“என்ன சொல்லுறீர்? கேக்கேல்லை!”

“டார்கெட் கெடச்சிருச்சு சேர்!” என்று கத்தினேன். “ஒன்னே ஒன்னுதான்! அத அடிச்சா மொத்தமும் காலி! நம்ம பக்கம் ஒரு சேதமும் வராது!”

போன் கூண்டை விட்டு வெளியே வந்தால் கடையில் ஒருவரும் இல்லை. முதலாளி மட்டும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் புள்ளகுட்டிக்காரன். போலீசுக்குச் சொல்லிட்டேன்.”

அப்போதெல்லாம் இப்படிப் பிடிபட்ட தமிழ்ப் பையன்கள் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். போலீசார் வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

“யார் டார்கெட்?”

“ஒரு புரதம் சேர்.”

“எங்கே இருக்கிறான்?”

“மலேரியாக் கிருமிக்குள்ளே.”

“கண்ணால் பார்த்தாயா?”

“இல்லை. கம்ப்யூட்டர் சொன்னது.”

“அடித்தால் கிருமி சாகுமா?”

“சாகலாம்.”

“மருந்து எங்கே?”

“இனிமேல்தான் சேர். வருஷக்கணக்காகும். வராமலும் போகலாம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பார்க்கவில்லை. கையில் ஒன்றுமில்லை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நீ குறி சொல்லும் சாத்திரக்காரன்!”

பேராசிரியரிடம் போனில் விசாரித்த பிறகும் இன்ஸ்பெக்டரின் மனம் மாறவில்லை. வாக்குமூலத் தாளில் தொழில் என்ற இடத்தில் அதையே எழுதி என்னை விட்டார். வாசலில் நின்ற சார்ஜன்ட் உள்ளங்கையை நீட்டி, டிரான்ஸ்பர் கிடைக்குமா என்று கேட்டார். “கிடைக்கலாம்” என்றேன்.

பிறகு ஆய்வுகூடத்தில் அந்தப் புரதத்தின் ஜீனை நீக்கிப் பார்த்தார்கள். கிருமி ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தது.

“பிழைச்சுப் போச்சு, தம்பி” என்றார் பேராசிரியர்.

“ஆமா சேர், பொழச்சிருச்சு” என்றேன்.

அவர் ஊரில் அதற்குத் தவறிவிட்டது என்று பொருள். எங்கள் தோட்டத்து லயத்தில் உயிர் தப்பிவிட்டது என்று பொருள். அவர் என் கணிப்பைச் சொன்னார், நான் கிருமியைச் சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கணினி காட்டுவது ஒரு சாத்தியம் மட்டுமே. தீர்ப்பைக் கிருமிதான் சொல்லும்.